உபகாரச் சம்பளமும் ஊர்த் தொண்டும்

கல்லூரி உபகாரச் சம்பளம் என்றால் மதிப்பெண்ணும் ஏழ்மையும் மட்டுமே பார்க்கப்படும் என்பது நம்மவரிடையே ஊறிப்போன எண்ணம். இன்று அறநிலையங்கள் சில மூன்றாவது வினா ஒன்றையும் எழுப்புகின்றன: "நீ வாழும் சமூகத்துக்கு நீ செய்தது என்ன?" கட்கித் தமிழ் மாணவர்கள் இவ்வினாவை அலட்சியம் செய்தலாகாது. 1950-க்குப் பின் குடிபெயர்ந்த பட்டியல் சாதியினர், தாய் மாநிலச் சான்றிதழைக் கொண்டு, புகுந்த மாநிலத்தின் சலுகைகளைக் கோர இயலாதென உச்ச நீதிமன்றம் 1990-இலும் 1994-இலும் தீர்ப்பளித்துள்ளது. அத்தகைய குடும்பங்களுக்குத் தொண்டை அளவுகோலாகக் கொள்ளும் உதவிகள் பெரிதும் வேண்டப்படுவன.

மராட்டிய மண்ணுக்கு இவ்வினா புதிதன்று. கர்மவீரர் பாவுராவ் பாட்டீல் 1919-இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை நிறுவினார். 1924-இல் சாத்தாராவில் அவர் தொடங்கிய விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒருங்கே வாழ்ந்து, உழைத்து, கற்றனர். உழைத்துக்கொண்டே கற்கும் அம்முறை, புனே பல்கலைக்கழகத்தில் அவர் பெயராலேயே ஒரு திட்டமாக விளங்குகிறது.

நம் பிள்ளைகள் தொண்டு செய்யாதவர்களா? 1869-இல் இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. அத்தகைய ஆலைகளையும் படைத்துறையையும் நாடித் தமிழ்க் குடும்பங்கள் இவ்வூரில் வேரூன்றின. ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு மருத்துவமனையில் மராத்தி பேசி உதவும் பெண்ணும், அண்டை வீட்டாருக்கு ரேஷன் கார்டு மனு எழுதித் தரும் பையனும் நம் தெருக்களில் உண்டு. அவர்கள் அதனை வீட்டு வேலையாகக் கருதுவதால், விண்ணப்பத்தில் அவ்விடம் வெறுமையாகவே நிற்கிறது.

"சமூக சேவையில் ஆர்வமுடையேன்" என்றெழுதுவதால் பயனில்லை. "இரண்டாண்டுகளாக ஞாயிறுதோறும் ஆறு சிறுவர்க்குத் தமிழ் கற்பிக்கிறேன், நால்வர் இப்போது தாமே பாடம் வாசிக்கின்றனர்" என்பதே விடை. எங்கே, எப்போது, எத்தனை பேருக்கு, விளைந்த மாற்றம் யாது என்பன அதில் அமைய வேண்டும். தேதியிட்ட குறிப்பேடு ஒன்றை இன்றே தொடங்குக. பணியை நேரிற் கண்ட ஆசிரியரிடமோ சங்கத்தாரிடமோ சான்றுக் கடிதம் பெறுக. செய்யாததை எழுதற்க, நேர்முகத்தில் இரண்டாம் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

கல்லூரியில் சேர்ந்தோர்க்கு 1969-இல் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டம் உண்டு. ஆண்டுக்கு 120 மணி நேரமாக, ஈராண்டில் 240 மணி நேரம் பணியாற்றி, ஏழு நாள் முகாமிலும் பங்கேற்போர் சான்றிதழ் பெறலாம்.

"முதலில் படிப்பு, பிறகு தொண்டு" என்று தடுக்கும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளையை விட்டுக்கொடுங்கள். உதவித்தொகை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எவ்வாறாயினும் அண்டை வீட்டுச் சிறுவர் அறுவர் தமிழ் வாசிப்பார்கள்.