கூடி விலை வைத்தலும் நீதிமன்ற உடன்பாடும்

மருத்துவர்கள் கூடிக் கட்டணம் பேசிய வழக்குகளால் வத்தல்மலையில் காப்பியும் மிளகும் பயிரிடும் அங்கத்தினருக்கு ஆவதென்ன என்று கேட்கலாம். ஆவது உண்டு. ஒரே தொழில் செய்வோர் கூடி விலை வைப்பதைப் பற்றிய சட்டம் மருத்துவருக்கும் உழவருக்கும் நெசவாளருக்கும் ஒன்றே.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், வேலையில் காயமுற்ற தொழிலாளருக்குச் சிகிச்சையளிக்க அரசாங்க வாரியம் விதித்த கட்டணம் போதாதென்று எலும்பு மருத்துவர்கள் ஒன்றுகூடி, அத்தொழிலாளரைப் பார்க்க மறுத்தனர் என்பது புகார். 2010-இல் மத்திய அரசும் மாநில அரசும் தொடுத்த அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. இனிக் கூடிக் கட்டணம் பேசுவதில்லை என மருத்துவர் தரப்பு ஒப்பியது.

அத்தகைய உடன்பாட்டை அங்கே மத்திய அரசு மறைவில் செய்துகொள்ள இயலாது. 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வெளியிடப்பட வேண்டும். 60 நாள் பொதுமக்கள் கருத்துரைக்கலாம். பொதுநலனுக்கு ஏற்றதென நீதிபதி கண்ட பின்னரே தீர்ப்பாகும். மீறுவோர் நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளாவர். முறை நன்றே, ஆயினும் வலியோடு காத்திருந்த தொழிலாளிக்கு இழந்த நாட்களை அது மீட்டுத் தருவதில்லை.

நம் நாட்டின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் 2023-இல் செய்த திருத்தம் உடன்பாட்டுக்கு வழி வகுத்தது. இங்கே ஒப்புதலளிப்பது போட்டி ஆணையம். ஆனால், போட்டியாளர் கூடி விலை வைக்கும் வழக்குகளுக்கு அவ்வழி இல்லை. தாமே முன்வந்து உண்மையை உரைப்போருக்கு அபராதக் குறைப்பு உண்டு, அவ்வளவே. அபராதமோ, கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மும்மடங்கு அல்லது விற்றுவரவில் நூற்றுக்குப் பத்து, இவற்றுள் அதிகமானது வரை செல்லலாம். சட்டம் கூறும் 'நபர்' என்பதில் கூட்டுறவுச் சங்கமும் அடங்கும்.

அப்படியாயின் சங்கத்தின் மூலம் விற்பதே குற்றமோ எனில், அன்று. அரிசோனா மாநிலத்தின் மாரிக்கோப்பா மருத்துவர் அமைப்பு, தான் வைத்தது உச்சவரம்பே, ஆகவே நோயாளிக்கு நன்மையே என வாதாடிற்று. 1982-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், அதை மறுத்தது. மூலதனத்தைச் சேர்த்து லாபநஷ்டம் இரண்டையும் பகிர்ந்துகொள்ளும் கூட்டுத்தொழில் வேறு. தனித்தனியே தொழில் நடத்திக்கொண்டு விலையில் மட்டும் கைகோப்பது வேறு என்றது. அத்தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அளவுகோல் பயனுடையது. திறனைப் பெருக்கும் கூட்டு முயற்சிக்கு நம் சட்டமும் இடமளிக்கிறது.

அங்கத்தினரின் மிளகைச் சங்கம் எடைபோட்டு, ஒருங்கே விற்று, வரவைப் பகிர்வது கூட்டுத்தொழில். பக்கத்துச் சங்கத்தாரோடும் தனி வியாபாரிகளோடும் அமர்ந்து, 'இதற்குக் கீழே எவரும் விற்பதில்லை' என்று பேசிக்கொள்வது அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது. தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் விட்டால் தப்பலாம் என்பார்க்கு ஒன்று சொல்வோம்: வாய்ப்பேச்சும் சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தமே.

இச்சட்டம் கொள்முதல் விலையையும் தொடுகிறது. வாங்குவோர் கூடி விளைச்சலுக்கு விலையை அமுக்கினால், சங்கமே போட்டி ஆணையத்துக்குத் தகவல் மனு அளிக்கலாம். நாள்தோறும் கேட்கப்பட்ட விலையையும் வாங்குவோர் பெயரையும் குறித்துவைக்கும் ஏடு ஒன்று அப்பொழுது பெரிதும் உதவும்.