மூட்டத்தோடு ஒரு பந்தயம்

நுவரெலியாவில் அதிகாலை மூன்றரை மணிக்கு யார் யார் விழித்திருப்பார்கள்? மரக்கறி லொறிக்காரர்கள், பாண் போடுகிறவர்கள், அப்புறம் முட்டை அவிக்கிறவர்கள். ஆமாம், முட்டைதான்! விடுதிக் குசினிகளில் இந்நேரம் ஒரு பெரிய சட்டி நிறைய முட்டை கொதித்துக்கொண்டிருக்கும். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்களுக்கான காலைச் சாப்பாடு தயாராகிறது. இரண்டு துண்டு பாண், நடுவில் ஏதோ ஒன்று, ஒரு வாழைப்பழம், ஒரு முட்டை, எல்லாம் அட்டைப் பெட்டிக்குள். உப்பை மட்டும் சின்னச் சின்னக் கடதாசித் துண்டுகளில் மடித்துக்கொண்டிருந்தார் சமையற்காரர். பொலித்தீனில் முடிந்தால் சுலபமாயிற்றே என்றேன்.

"மேல பிடுங்கிருவாங்க மிஸ். அப்புறம் உப்பில்லாத முட்டைக்கு எனக்குத்தான் திட்டு விழும்."

அந்த உப்புப் பொட்டலத்திலேயே எனக்கு ஆசை பிடித்துவிட்டது. பயணிகள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது அவர்களுடைய நாளை யாரோ இருட்டில் மடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்! இன்னும் என்னென்ன நடக்கிறது என்று பார்க்காமல் எப்படி இருப்பது?

கதை முந்தின மாலையே தொடங்கிவிடுகிறது. நுவரெலியா பஸ் நிலையத்தைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். வெளியூர் முகம், முதுகில் பை, குளிரில் கையைக் கையை உரசிக்கொண்டிருக்கும் ஆள் என்றால் போதும், "ஹோர்ட்டன்ஸா? நாளைக்கா?" என்று ஒரு குரல் வரும். விடுதி வரவேற்பு மேசையில் ஒரு அட்டை, தேநீர்க் கடைச் சுவரில் ஒரு படம். எல்லாரும் விற்பது ஒன்றையேதான். அதே 32 கிலோமீற்றர் சொச்சப் பாதை, அதே ஒன்பது கிலோமீற்றர் வட்ட நடை, அதே செங்குத்துப் பாறை. படங்களில் வானம் எப்போதும் நீலம்.

இந்த நீலத்தை நம்பித்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இங்கே காசு கொடுத்து வாங்குவது ஒரு பாறையை அல்ல; மூட்டம் ஏறுவதற்கு முந்திய இரண்டு மூன்று மணித்தியாலத்தை. சமவெளியின் தெற்கு விளிம்பில் இருக்கும் அந்தப் பாறைக்குப் பெயர் உலக முடிவு; அது ஏறக்குறைய 870 மீற்றர் ஆழத்துக்கு வெட்டென்று விழுகிறது. வெயில் ஏற ஏறக் கீழ்நாட்டின் ஈரக்காற்று சூடாகி அந்தச் சுவரோடு மேலே ஏறும். ஏறும்போது குளிரும். குளிர்ந்தால் முகில்தான். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் விளிம்பைத் தாண்டி வெள்ளையாக வழிந்து வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் வெறும் வெள்ளையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். ஆக, பயணம் விற்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, எத்தனை மணிக்கு வாசலில் நிற்பார் என்பதைத்தான். "அஞ்சுக்குள்ள கிளம்பிடணும்" என்று அவர் முந்திக்கொண்டு சொன்னால் பாதிக் கவலை தீர்ந்தது. "உங்க வசதிப்படி வரலாம்" என்று சிரித்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

எல்லயிலிருந்து போகிறவர்கள் நாலு மணிக்கே எழும்ப வேண்டும். கண்டியிலிருந்து "ஒருநாள் பயணம்" என்று விற்பதும் உண்டு. இரவு இரண்டு, மூன்று மணிக்கு வானில் ஏறி வளைவு வளைவாக மலையேறுவது... அதைச் சுற்றுலாக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஹப்புத்தளையில் தங்கி ஒஹிய பக்க வாயிலால் நுழைவது நல்ல யோசனை. அந்தப் பக்கம் பொதுவாக நெரிசல் குறைவு.

இரவு எட்டு மணிக்கு மேல் வான்காரர்களின் தொலைபேசிகள் சூடேறும். இந்த விடுதியில் இரண்டு பேர், அந்த விடுதியில் ஒருவர், இன்னொரு தெருவில் ஒரு தம்பதி: ஒரே வானில் சேர்த்துவிடலாமா? இந்தக் கோர்ப்பு வேலையைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது பெரிய வேடிக்கை. "அவங்க வெரசா நடப்பாங்களா? வயசு என்ன?" என்று கல்யாணத் தரகர் தோற்றுப்போகும் அளவுக்கு விசாரணை. மெல்ல நடப்பவரையும் ஓட்டமாய் நடப்பவரையும் ஒரே வானில் போட்டால் திரும்பும்போது யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

சேர்ந்து போவதில் காசும் மிச்சம். வாகனக் கூலி பிரிகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நுழைவுச் சீட்டிலும் ஒரு சங்கதி இருக்கிறது. தலைக்கு ஒரு கட்டணம், குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், வாகனத்துக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் வரி. குழுக் கட்டணம் ஆட்கள் கூடினால் பிரியும். அதைவிட முக்கியம், அட்டையில் போட்டிருக்கும் விலையில் இந்தச் சீட்டுச் செலவு அடக்கமா, தனியா என்பது. பெரும்பாலும் தனி! வெளிநாட்டவருக்கு டொலர்க் கணக்கு, உள்ளூராருக்குச் சில்லறை ரூபாய். கனடாவில் இருந்து வந்த சித்தப்பாவும் ஹட்டனில் இருக்கும் மச்சானும் ஒரே வானில் போனால் கவுண்டர் முன்னால் நடக்கும் நாடகத்தைக் காசு கொடுத்தே பார்க்கலாம். உள்ளூர்க்காரர் அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

சரி, ஏறுங்கள். நாலே முக்காலுக்கு வான் வந்துவிட்டது. சாரதி அண்ணன் கம்பளித் தொப்பியை இமைவரை இழுத்துவிட்டிருக்கிறார். பின்சீட்டில் எல்லாரும் பேல் பஜாரில் பேரம் பேசி வாங்கிய ஜக்கெட்டுகளுக்குள் பொதிந்து கிடக்கிறார்கள். அம்பேவெலயைத் தாண்டும்போது இருட்டில் காற்றாலைகளின் உருவம் மட்டும் தெரிகிறது. 1,891 மீற்றர் உயரத்தில், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலயும் தூக்கத்திலேயே போய்விடுகிறது. பின்னால் எல்லாரும் வாய் பிளந்து தூங்க, நான் மட்டும் முன்சீட்டில் குதியாய்க் குதித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்றால் வளைவுக்கு மேல் வளைவாகச் சிவப்பு விளக்குகள்! எல்லா விடுதிகளின் எல்லா முட்டைகளும் ஒரே வரிசையில் மலையேறிக்கொண்டிருக்கின்றன.

வாயில் திறப்பது ஆறு மணிக்கு. அதற்கு முன்பே சாரதிமார் இறங்கிக் கவுண்டர் வரிசையில் நிற்கிறார்கள். கையில் கடவுச்சீட்டுகள், ஆட்கணக்கு எழுதிய துண்டு, சரியாக எண்ணி வைத்த காசு. பழகின ஆள் மீதிக் காசுக்குக் காத்திருக்க மாட்டார். இந்த வரிசையில் ஐந்து நிமிடம் மிச்சம் பிடிப்பவர்தான் நல்ல சாரதி என்பது என் கட்சி.

உள்ளே போனதும் மரைகள். கொம்பும் பிடரியுமாக ஒரு ஆண் மரை புல்வெளியில் நின்று வான்களை ஒரு பார்வை பார்க்கும்; நாம்தான் அதற்குக் காட்சிப்பொருள். தீனி கொடுக்கக் கூடாது. கொடுக்கச் சொல்லித் தூண்டுகிற வழிகாட்டி என்றால் அவரை அந்த இடத்திலேயே மதிப்பிட்டுவிடலாம்.

பிறகு ஃபார் இன். தோட்டத்துரை தோமஸ் ஃபாரின் பெயரைத் தாங்கிய இந்தப் பழைய கட்டடம் இப்போது பார்வையாளர் நிலையம். நடை தொடங்குவதும் இங்கேதான், பைகளைச் சோதிப்பதும் இங்கேதான். கட்டுநாயக்க விமான நிலையத்தில்கூட என் பையை இவ்வளவு அன்பாகக் கிண்டியதில்லை! பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்து, பிஸ்கட்டைக் கடதாசியில் கொட்டித் திருப்பித் தருகிறார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபலை உரித்து எடுக்கிறார்கள். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாரின் மேசையோரம் உரித்த லேபல்கள் குவிந்து கிடக்கின்றன. எரிச்சல்படுபவர்களும் உண்டு. மரையின் வயிற்றுக்குள் பொலித்தீன் போவதைத் தடுக்கத்தான் இத்தனையும் என்று தெரிந்தபின் எனக்கு அந்த மேசையைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. நம் உப்புப் பொட்டலம் ஒரு கேள்வியும் இல்லாமல் தாண்டிப் போனது.

இனித்தான் பெரிய இரகசியம். "வழிகாட்டியுடன்" என்று அட்டையில் போட்டிருந்ததே, அந்த வழிகாட்டி எங்கே? பெரும்பாலான பயணங்களில் அவர் சாரதியேதான். "இந்தப் பக்கம் போங்க, அந்தப் பக்கமா வருவீங்க, ஒன்பதரைக்கு இங்க நிப்பேன்." அவ்வளவுதான். நீங்கள் போனதும் வாகனத் தரிப்பிடமே ஒரு பெரிய படுக்கையறையாக மாறுகிறது! சீட்டுகள் சாய்கின்றன, கண்ணாடிகளில் மூச்சு படிகிறது, ஸ்டியரிங்குக்கு மேல் சப்பாத்து கழற்றிய கால்கள். அரை மணி நேரத்துக்கு முன் பந்தயக் குதிரையாய் நின்றவர்கள் இப்போது வரிசையாகக் குறட்டை விடுகிறார்கள். பாவம், மூன்றரைக்கு எழும்பியவர்கள். இதில் மோசடி ஒன்றும் இல்லை. பாதை தெளிவானது, தொலைந்துபோக வழியில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது சாரதியா, கூட நடக்கிற ஆளா என்பதை முந்தின இரவே கேட்டு முடிவு செய்திருக்க வேண்டும். கூட நடப்பவர் என்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான் இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன். கூட நடக்க ஆள் இருப்பதற்கே என் வாக்கு. ஏன் என்றால் கொம்போணான்! பாசி மூடிய ஒரு கிளையை வழிகாட்டித் தம்பி சும்மா விரலால் காட்டினார். நான் கிளையைத்தான் பார்த்தேன். "மூக்கைப் பாருங்கக்கா." மூக்கா? அந்தக் கணத்தில் பாசிக்கு ஒரு கண் முளைத்தது, கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கொம்பு! உலகத்தில் இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத பிராணி, எங்கள் முன்னால் பத்தாயிரம் பேர் கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு மரத்தில். நான் கத்திய கத்தலில் அது நகரக்கூட இல்லை. பறவைப் பைத்தியங்களுக்கு இன்னும் ஒருபடி மேல்: இலங்கைச் சீழ்க்கைக் குருவிக்காக விடிகிற நேரத்தில் பட்டிப்பொலப் பாதையோரத்துக் குளத்தருகே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அது வேறு ரகப் பயணம், வேறு ரக வழிகாட்டி, காசும் வேறு.

"சிறுத்தை கட்டாயம் காட்டுறேன்" என்பவரை மட்டும் நம்ப வேண்டாம். சிறுத்தை இங்கே இருக்கிறது, உண்மை. நம் அட்டவணைப்படி வருமா? தேவாங்கும் இருக்கிறது, அது இரவுப் பிராணி, நாம் பகல் பிராணிகள். யானை? ஒரு காலத்தில் இருந்தது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் போன்ற வேட்டைக்காரர்களின் துவக்குகளுக்குப் பிறகு இந்தப் புல்வெளியில் யானையே இல்லை. இவ்வளவு செய்தவரின் பெயரில் ஒரு அழகான நீர்வீழ்ச்சி! பெலிஹுல் ஓயாவில் விழும் அந்தத் தண்ணீருக்கு இன்னும் நல்ல பெயர் கிடைத்திருக்கலாம்.

அந்த நீர்வீழ்ச்சியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதை பிரியும் இடத்தில் நல்ல வழிகாட்டி கேள்வியே கேட்காமல் உலக முடிவின் பக்கம் திருப்புவார். நீர்வீழ்ச்சி மூட்டத்திலும் தெரியும், பாறை விளிம்பு தெரியாது. முதலில் சின்ன உலக முடிவு, ஏறக்குறைய 270 மீற்றர். அங்கேயே முழங்கால் ஆடும். இன்னும் நடந்தால் பெரியது. ஏழரை மணி இருக்கும், ஒரு துளி முகில் இல்லை! மலை மலையாகத் தெற்கே இறங்கி, எங்கோ கடல் என்று சொல்லத்தக்க ஒரு மினுக்கம். நேர் கீழே நன்பேரியல் தோட்டம். தேயிலைக்கு நடுவே தகரக் கூரைகள்.

"அந்த வரிசை லயன் தெரியுதாக்கா? எங்கம்மா பொறந்தது அங்கதான்," என்றார் தம்பி.

அம்மாவுக்கு இது உலக முடிவா என்று கேட்டேன். சிரித்தார். அவர்களுக்கு இது வீட்டுக்குப் பின்னால் நிற்கிற சுவராம். மழை வருகிறதா என்று பார்க்க அண்ணாந்து பார்ப்பார்களாம். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருடைய கூலி செல்லும் என்று அந்த இடத்திலேயே கணக்கு முடித்தேன். எந்த அட்டையில் இதைப் போடுவார்கள்?

எட்டரைக்கு முதல் முகில் விரல் விளிம்பில் தொட்டது. ஒன்பதுக்குள் எதிரே வருகிறவர்கள் தொடங்கிவிட்டார்கள்: "இன்னும் தெரியுதா? தெரியுதா?" ஓட்டமும் நடையுமாக, முகமெல்லாம் வியர்வை. ஆறு மணி வரிசையில் பார்க்காத முகங்கள். சொல்ல மனம் வராமல் "சுருக்கா போங்க" என்று மட்டும் சொன்னோம்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். சனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், விடிகாலைக் குளிர் மட்டும் எலும்பைப் பிடிக்கும், புல்லில் உறைபனிகூட விழும். ஏப்ரலில் நுவரெலியா சீசன், வாயில் வரிசை உங்கள் பொறுமையைத் தின்னும். வார இறுதியைத் தவிருங்கள். திரும்பும் வழியில் அம்பேவெலப் பண்ணையில் தயிரும் பாலும் சாப்பிட நிறுத்துவதும் பயணத்தில் அடக்கமா, "அது வேற" என்பாரா என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். காலை நடைக்குப் பிறகு அந்தக் குளிர்ந்த பாலை வேண்டாம் என்று சொல்லும் பலம் யாருக்கும் இல்லை.

பண்ணை வாசலில் சாரதி அண்ணன் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு நாளைய வானை நிரப்பிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல். "அஞ்சு மணிக்கெல்லாம் முடியாதுங்க. சாப்பிட்டுட்டு ஒரு எட்டு மணிபோல கிளம்பினா என்ன?"

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "தாராளமா போகலாம் மேடம். மூட்டம் அருமையாத் தெரியும்."