அடிசம் பங்களாவின் புத்தக அறை

நானுஓயாவில் ரயிலேறினால் பட்டிப்பொல, ஒஹிய, இதல்கஸ்ஹின்ன தாண்டி அப்புத்தளை. அங்கிருந்து தேயிலை மலை வழியே மூன்று கிலோமீட்டர் போனால் தங்கமலைக் காட்டோரம் நிற்கிறது அடிசம் பங்களா. 1961 முதல் அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். பார்க்க வருகிறவர்களை முன்கூடத்துக்கும் நூலக அறைக்கும் விடுகிறார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. அனுமதி கேட்டுக்கொண்டு ஓரமாக நின்று வரைந்தேன்.

மலைநாட்டு ஈரத்தில் வாட்டர்கலர் லேசில் காயாது, தாளும் நமுத்துவிடும். பென்சில்தான் கைகொடுக்கும். அலமாரியை முதலில் ஒரே இருட்டாகப் பூசிக்கொண்டு, வெளிச்சம் படும் புத்தக முதுகுகளை மட்டும் ரப்பரால் கீறி எடுத்தேன். நிமிர்ந்து நிற்பவை நடுவே சாய்ந்து கிடக்கும் ஒன்றிரண்டைப் பிடித்துவிட்டால் போதும், அறைக்கு உயிர் வந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறும்போதெல்லாம் நிழல்கள் கலைந்துபோகும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதைக் கட்டிய சர் தோமஸ் வில்லியர்ஸ், பிரிட்டனில் இருமுறை பிரதமராக இருந்த ஜோன் ரஸலின் பேரன். 1887இல் இலங்கைக்கு வந்து, நம் நோர்வூட் எல்பெத்த தோட்டத்தில்தான் துரை வேலை பழகினார். பிறகு கொழும்பின் பெரிய கம்பெனி ஒன்றின் தலைவரானார். தான் பிறந்த கென்ட் கிராமத்தின் பெயரையே வைத்து, அதே கென்ட்டிலுள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலில் 1931இல் இந்தக் கல் மாளிகையை முடித்தார். ஒரு துரை வாசித்த அறை இன்றும் அப்படியே இருக்கிறது. அது இருக்கத்தான் வேண்டும். துறவிகளுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் அலமாரியை வரைய வரைய வேறொரு வரிசை மனதில் ஓடியது. வில்லியர்ஸ் அங்கம் வகித்த அதே சட்டசபைக்கு 1925இல் போனவர் கோ. நடேசய்யர். தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பத்திரிகை நடத்தினார், நூல்கள் எழுதினார். மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டி லயங்களுக்குக் கொண்டுபோனார். அடுத்து மடகொம்பரையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை எழுத வந்தார். இவர்களின் எழுத்துக்கும் தேக்கு அலமாரியும் கல் சுவரும் உள்ள ஓர் அறை அட்டனில் வேண்டும். அதையும் பிள்ளைகள் நின்று வரைய வேண்டும்.

வார இறுதியிலும் போயா நாட்களிலும் பள்ளி விடுமுறையிலும் அடிசம் திறந்திருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஓவிய ஆசிரியர்கள், வில்லியர்ஸ் யார், நடேசய்யர் யார் என்று ரயிலிலேயே சொல்லிவிடுங்கள்.