விரலில் ஏறும் வெள்ளி

வாக்குச்சாவடியில் இடது ஆள்காட்டி விரலில் இழுக்கும் மையில் வெள்ளி இருக்கிறது. வெள்ளி நைட்ரேட் என்ற உப்பாக அதில் கரைந்து கிடக்கிறது. வைத்தவுடன் கண்ணில் படும் ஊதா நிறம் சாயம்தான், கழுவினால் மங்கிவிடும். வெள்ளி அப்படியல்ல. வியர்வையில் உள்ள உப்போடு சேர்ந்து, நீரில் கரையாத வெள்ளி குளோரைடாகி விடுகிறது. வெளிச்சம் பட்டதும் அதிலிருந்து நுண்ணிய வெள்ளித் துகள்கள் பிரிந்து கருக்கின்றன. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம் பதிந்ததும் இதே வேதியியலால்தான்.

சோப்பு தேய்த்தும் போகாததற்குக் காரணம், கறை தோலின் மேலடுக்குக்குள்ளேயே ஊறிவிடுவது. அந்தச் செல்கள் உதிர்ந்தால்தான் அது போகும். நகமோ உதிர்வதில்லை, மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. நகத்தையும் தோலையும் சேர்த்துக் கோடு இழுப்பது அதனால்தான். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய இந்தக் கலவையை 1962 பொதுத்தேர்தல் முதல் மைசூரில் உள்ள அரசு பெயின்ட் தொழிற்சாலை தயாரிக்கிறது.

அடையாள அட்டை, வாக்காளர் பட்டியல், பூத் ஏஜென்ட் என்று இத்தனை காவல் இருக்க, மை எதற்கு? ஓட்டு ரகசியம் என்பதால்தான். பதிவான ஓட்டு யாருடையது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. ஒருவர் இரண்டாம் முறை போட்டுவிட்டால், அந்த ஓட்டை மட்டும் தேடி எடுத்து நீக்க வழியில்லை. ஓட்டில் அடையாளம் வைக்கக் கூடாது. ஆகவே ஓட்டுப் போட்டவரிடம் வைக்கிறோம். இதைவிட நேர்த்தியான தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை. விரலைக் காட்ட மறுப்பவருக்கும், ஏற்கெனவே மை உள்ளவருக்கும் வாக்களிக்க அனுமதி கிடையாது.

1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் இன்னும் ஒரு படி போகின்றன. இடது ஆள்காட்டி விரல் இல்லாதவருக்கு இடது கையின் வேறு விரல்; அந்தக் கையில் விரலே இல்லையென்றால் வலது ஆள்காட்டி விரல், அதுவும் இல்லையென்றால் வலது கையின் மற்றொரு விரல்; எந்த விரலும் இல்லாதவருக்குக் கையின் முனையில் மை. கைவிரல்களை இழந்தவரும் வந்து ஓட்டுப் போடுவார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது என்னை நெகிழ வைக்கிறது.

மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்தும் உள்ளாட்சித் தேர்தலிலும் இந்த மைதான். தமிழகக் கிராமத்து வாக்காளருக்கு அங்கே நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். நான்கு நிறத்தில் நான்கு சீட்டு, விரலில் ஒரே கோடு. எங்காவது மறுவாக்குப்பதிவு நடந்தால் பழைய கறை அழிந்திருக்காது. அப்போது இடது நடுவிரலில் மை வைப்பார்கள்.