இரண்டு ரூபாய் தீப்பெட்டிக்குள் இருப்பது எந்த மரம்?

மணலூர்பேட்டை கடைத்தெருவில் தீப்பெட்டி கேட்டால் இரண்டு ரூபாய். 14 வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்த விலை, 2021 டிசம்பரில்தான் ஏறியது. விலை தெரியும், உள்ளே இருக்கும் குச்சி எந்த மரம் என்று தெரியுமா?

ஸ்வீடன்காரர்களைக் கேட்டால் ‘ஆஸ்பென்’ என்பார்கள். வெள்ளை நிறம், நேரான நார், மெழுகை உறிஞ்சும் மென்மை... தீக்குச்சிக்கென்றே பிறந்த மரம். ஆனால் அது குளிர் தேசத்து மரம். அதன் உறவான பாப்லர், உத்தரப் பிரதேசம், பஞ்சாப் வயல்களில் வளர்கிறது. நம் வெயிலுக்கு அதுவும் சரிப்படாது.

இங்கே அந்த வேலையைச் செய்வது பெருமரம். இலையைக் கசக்கினால் வரும் நாற்றத்துக்கு ‘பீமரம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விவசாயிகளுக்கு அது ‘தீக்குச்சி மரம்’. இலையை ஆடு மேயும். ஆறேழு வருஷத்தில் வெட்டலாம். கட்டையைச் சுழலவிட்டு, ஆப்பிள் தோலைச் சீவுவதுபோல மெல்லிய தகடாக உரித்து, குச்சிகளாக நறுக்குகிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடலாமா?

முதலில் நிலத்தைப் பாருங்கள். பெருமரத்துக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றோரப் பள்ளக்காட்டில் இதை நடுவது வீண் வேலை. மழையை நம்பிய மேட்டு நிலமும் வரப்பும்தான் இதற்கு இடம்.

அடுத்தது, வாங்குபவர். தேக்கை வெட்டி வைத்துவிட்டு, நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். இது காத்திருக்காது. வெட்டிய கட்டையில் சீக்கிரமே பூஞ்சை படிந்து நிறம் மாறும். காய்ந்தால் தகடு ஒழுங்காக உரியாது. பச்சையாகவே ஆலைக்குப் போயாக வேண்டும். தீப்பெட்டித் தொழில் இருப்பதோ சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, வடக்கே குடியாத்தம். கட்டை விலையில் லாரி வாடகை எவ்வளவு தின்னும் என்ற கணக்கை, நட்ட பிறகல்ல, நாற்று வாங்கும் முன்பே போட வேண்டும்.

இன்னொரு கவலை லைட்டர். 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட்டது. தீப்பெட்டிக்காரர்களுக்கு அது கொஞ்சம் மூச்சு. இன்று நடும் கன்று வெட்டுக்கு வரும்போது குச்சிக்கு இதே கிராக்கி இருக்குமா என்பதையும் யோசித்து, முதல் தடவை வரப்போரம் பத்துக் கன்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.