உளவியல் படிக்கக் கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

 

சென்ற ஆண்டு நம் அறக்கட்டளைக்கு வந்த கல்வி உதவி விண்ணப்பங்களில் ஒன்றில் ‘பி.எஸ்ஸி. உளவியல்’ என்று எழுதியிருந்தது. பக்கத்து ஊரிலுள்ள சிறிய கல்லூரி. மாணவியின் அத்தா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “பாய், பைத்தியத்தைப் பத்தின படிப்புன்னு சொல்றாங்க. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்றது? பி.காம். சேரச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார். நானும் அப்படியே சொல்லி, விண்ணப்பத்தை நிலுவையில் வைத்தேன். விசாரிக்காமல் சொன்னது என் தவறு. அதன்பின் விசாரித்துத் தெரிந்துகொண்டதை, பிளஸ் டூ பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

என்ன படிக்கிறார்கள்?

உளவியல் என்பது மனிதன் எப்படிப் பார்க்கிறான், நினைவில் வைக்கிறான், கற்கிறான், கோபப்படுகிறான், பிறரோடு பழகுகிறான் என்பதை ஆராயும் துறை. மனநோய் அதில் ஒரு பகுதி மட்டுமே. 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்ததிலிருந்து இது தனி அறிவியலாக வளர்ந்தது. நம் நாட்டில் 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித்துறை வந்தது.

மூன்று ஆண்டுகளில் பொது உளவியல், குழந்தை வளர்ச்சி, மூளையும் நரம்பும், சமூக உளவியல், மனக்கோளாறுகள் ஆகியவை வரும். புள்ளியியலும் உண்டு. கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிற பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். செய்முறை வகுப்பும் உண்டு. உதாரணமாக, ஒரு நட்சத்திரப் படத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து அதன் கோட்டின்மேல் பென்சிலை ஓட்டச் சொல்வார்கள். முதல் தடவை கை தாறுமாறாகப் போகும். பத்தாவது தடவை பிழை குறைந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் ஆன நேரத்தையும் பிழையையும் குறித்து, பழக்கத்தால் திறமை எப்படி வளர்கிறது என்று எழுத வேண்டும்.

யார் யார்?

நம்மில் பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுதுபவர் அவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியலில் முதுகலை முடித்து, மேலும் தொழிற்பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவர். பரிசோதனைகளும் பேச்சு வழிச் சிகிச்சையும் அவர் வேலை. இதுவரை முதுகலைக்குப் பின் இரண்டு ஆண்டு எம்.பில். என்பதே இதற்கு வழியாக இருந்தது. இப்போது படிப்புகளின் அமைப்பு மாறி வருவதால், சேரும் ஆண்டில் கழகத்தின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

ஆகவே பி.எஸ்ஸி. முடித்த உடனே ‘டாக்டர்’ ஆகிவிடலாம் என்று எண்ணக்கூடாது. அது முதல் படி. அங்கிருந்து முதுகலை உளவியல், சமூகப்பணி, சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியர் பயிற்சி, நிறுவனங்களில் மனிதவளப் பிரிவு என்று பல பக்கம் போகலாம். ஆனால் மூன்று ஆண்டோடு நிறுத்துவதாக இருந்தால் இந்தத் துறைக்குள் வாய்ப்பு குறைவு. மொத்தம் ஐந்து முதல் ஏழு ஆண்டு என்று குடும்பம் முதலிலேயே கணக்குப் போட வேண்டும்.

சிறிய கல்லூரி போதுமா?

முதல் படிக்குப் போதும். வகுப்பில் பிள்ளைகள் குறைவாக இருந்தால் ஆசிரியருக்கு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தெரியும். கேள்வி கேட்கக் கூச்சம் இருக்காது. பெண் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரலாம், விடுதிச் செலவு மிச்சம். குறை எங்கே என்றால், ஆய்வுக்கூடம் பெயரளவுக்கு இருக்கலாம். பக்கத்தில் பயிற்சிக்கு மருத்துவமனை இல்லாமல் போகலாம்.

பணம் கட்டுவதற்கு முன் நேரில் சென்று கேளுங்கள். பல்கலைக்கழக இணைப்பு இந்தப் பாடப்பிரிவுக்கு உண்டா? ஆசிரியர்கள் உளவியலிலேயே பட்டம் பெற்றவர்களா? ஆய்வுக்கூடத்தைப் பார்க்கலாமா? விடுமுறைப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறீர்கள்? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பதில் சொல்லத் தயங்கினால் வேறு கல்லூரி பாருங்கள்.

தொலைநிலைக் கல்வி பற்றி ஒரு எச்சரிக்கை. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெண், தபால் வழியில் எம்.எஸ்ஸி. உளவியல் முடித்துவிட்டு எம்.பில்.லுக்கு விண்ணப்பித்தார். நேரடி வகுப்பில் படித்திருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு ஆண்டும் கட்டிய பணமும் போயிற்று. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் அறிவித்துவிட்டது. யாராவது சேர்த்துக்கொள்கிறோம் என்றால் ஏமாறாதீர்கள்.

நமக்கு ஏன் இது தேவை?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள் உட்பட 28 மனநோயாளிகள் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. வேறு எங்கே போவது என்று தெரியாதவர்கள். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் பெரும்பான்மையோர் சிகிச்சைக்கே வருவதில்லை.

ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் யாரும் விடச் சொல்லவில்லை. மருத்துவமும் செய்துகொள்வது நம் மார்க்கம் கற்பித்ததுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர் உடல் நலத்தையும் மன நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் என்று தனித்தனியாகப் பிரித்து விளக்கினார். மதரஸாவில் ஓதிய காலத்தில் அவர் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

தூக்கமில்லாத தாய்க்கும், பரீட்சைப் பயத்தில் சாப்பிடாத பிள்ளைக்கும், நம் வீட்டுப் பேச்சு புரிந்த ஒருவர் பக்கத்திலேயே இருந்தால் அவர்கள் நேரத்தோடு உதவி தேடுவார்கள். அப்படி ஒருவர் வெளியிலிருந்து வரமாட்டார். நாம்தான் படிக்க வைக்க வேண்டும். அதுவரை 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

அந்த மாணவியின் விண்ணப்பத்தைப் பிறகு நானே கூட்டத்தில் வைத்து, உதவி வழங்கப்பட்டது. இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். அவருடைய அத்தா போன மாதம் வந்து, “முதுகலைக்கும் உதவி உண்டா பாய்?” என்று கேட்டார்.

உண்டு, இன்ஷா அல்லாஹ். இவ்வாண்டு உளவியல் படிக்க விரும்பும் பிள்ளைகள், மேலே சொன்ன கேள்விகளுக்குக் கல்லூரி தந்த பதில்களை ஒரு தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்துத் தரவும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்