தெருவில் நடக்க சட்டசபையில் தீர்மானம்! உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?

பொதுத் தெருவில் நடக்க, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க யாருக்கும் தடை கூடாது! 1924-ல் சென்னை சட்டசபையில் இப்படி ஒரு தீர்மானம் கொண்டு வந்தவர் இரட்டைமலை சீனிவாசன்.

அவர் யாரென்று வீட்டில் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று விழிக்கும். பாவம், நாம் சொன்னால்தானே!

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லித்தர 1926-ல் ஒரு வாரம் ஒதுக்கினார்கள். 1976 முதல் பிப்ரவரி மாதம் முழுக்க அதற்குத்தான்.

காசு வேண்டாம்

இங்கேயும் பைசா செலவில்லாமல் வழி இருக்கிறது. மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் கோட்டூர்புரம். அங்கே அண்ணா நூற்றாண்டு நூலகம். 2011-ல் குழந்தைகள் ஆஸ்பத்திரியாக மாற்ற அரசு முடிவு செய்து, ஐகோர்ட்டு தடையால் தப்பிய கட்டிடம் இது. சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது.

வர நேரமில்லையா? தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய புத்தகம், பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. செல்போன் போதும்.

'பைசான்னா என்ன?'

அயோத்திதாசரில் ஆரம்பிக்கலாம். 1907-ல் ராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகை தொடங்கியவர். பெயரைச் சொன்னதுமே, "பைசான்னா என்ன?" என்று பிள்ளை கேட்கும். அப்புறம் கதை தானாக ஓடும். அடையாறு பக்கம் 1894-ல் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு கர்னல் ஆல்காட் திறந்த இலவசப் பள்ளியையும் சேர்த்துச் சொல்லலாம்.

நூலகம் இருக்கும் அதே ரோட்டின் கோடியில் காந்தி மண்டபம். அந்த வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசன், அயோத்திதாசர் இருவருக்கும் மணிமண்டபம் இருக்கிறது. அயோத்திதாசருக்குத் திறந்தது 2023-ல்தான்.